லாரி ஊரில் ஒரு அம்பாசிடரின் சஸ்பென்ஷன்

பழைய கார் என்றால் ஆடத்தான் செய்யும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். மெக்கானிக் சொல்கிறார், சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், பங்கில் காற்று அடிக்கும் பையன்கூட சொல்கிறான். "முப்பது வருஷத்து வண்டிங்க, இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கறீங்க?" நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. பழைய காரில் ஏறக்குறைய முழுசாகவே பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய பகுதி ஒன்று உண்டென்றால் அது சஸ்பென்ஷன்தான். அங்கே முதலில் கெடுவது ரப்பர், அடுத்து கிரீஸ், அப்புறம் ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய். ஸ்பிரிங் இரும்பு கெட்டுப்போவது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான். ஆனால் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் முதலில் கை வைப்பது ஸ்பிரிங்கில்தான். இந்த வரிசை தலைகீழாகப் போவதால்தான் பணமும் போகிறது, வண்டியும் சரியாவதில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது 1990களின் அம்பாசிடர். இசுசு 1800 எஞ்சின், ஐந்து கியர். அதன் சஸ்பென்ஷனை முழுசாகப் பிரித்து, பார்த்து, திரும்பக் கோத்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் அம்பாசிடர், பத்மினி, மாருதி 800 என்று ஏதாவது ஒன்றை ஓட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறவர்களுக்கு இது பயன்படும்.

நம் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி வசதி இருக்கிறது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். டேங்கர், டிரெய்லர் எல்லாம் இங்கிருந்து நாடு முழுக்க ஓடுகின்றன. சங்ககிரி லாரி ஊர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போடாத மாநிலம் குறைவு. இத்தனை கனரக வண்டி இருக்கும் இடத்தில் ஸ்பிரிங் பட்டை வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கண்ணால் பார்த்தே எந்தப் பட்டை உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற மேஸ்திரிகள் இங்கே உண்டு. பெரிய நகரங்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இப்படி ஒரு கையைத் தேடி அலைகிறார்கள். ஆனால் அந்தக் கை லாரியில் பழகிய கை. லாரிக்கு எடை தாங்க வேண்டும், காருக்கு ஆள் உட்கார வேண்டும். இந்த வித்தியாசத்தை நாம்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

முதலில் வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் சீரிஸ் காரை வைத்து வந்த வண்டி. 1950களின் கடைசியில் கொல்கத்தா பக்கம் உத்தர்பாரா ஆலையில் தொடங்கி, 2014 மே மாதம் வரை ஓடியது அந்த உற்பத்தி. பின்னால் லாரியில் இருப்பது போலவே பட்டை ஸ்பிரிங்கும் ஒரே அச்சும். முன்னால்தான் விசேஷம். அங்கே சுருள் ஸ்பிரிங் கிடையாது. வண்டியின் நீளவாக்கில் இரண்டு நீண்ட இரும்புத் தண்டுகள் ஓடுகின்றன. இவைதான் டார்ஷன் பார். சக்கரம் மேலே ஏறும்போது தண்டின் முன்முனை முறுக்கப்படுகிறது. பின்முனை சட்டத்தில் அசையாமல் பிடித்திருக்கிறது. தண்டு தன் முறுக்கை விடுவித்துக்கொள்ளப் பார்க்கும் விசைதான் வண்டியைத் தாங்குகிறது. பிரான்ஸின் சிட்ரோயன் 1934-இல் இந்த முறையைத் தன் காரில் வைத்தது. 1948-இல் வந்த மோரிஸ் மைனரில் அலெக் இசிகோனிஸ் இதையே எடுத்துக்கொண்டார். பிறகு மினி காரை உருவாக்கியவரும் அவர்தான். அவர் கையெழுத்து இருந்த மோரிஸ் குடும்பத்துச் சிந்தனை, ஓமலூர் சந்தைக்குக் காய் ஏற்றிப்போன அம்பாசிடருக்கு அடியிலும் இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

இனி சோதனை. வண்டியை பிட் மேல் ஏற்றி, ஒரு கடப்பாரையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின், ட்ரனியன், வீல் பேரிங் பிளே தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் முனைகள் தெரியும். யாரையாவது பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் பக்கம். புஷ்ஷுக்கு மட்டும் கடப்பாரை வேண்டும். ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து மெதுவாக நெம்பினால் ரப்பர் கிழிந்திருப்பது தெரிந்துவிடும்.

உயரத்தையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால், டயர் தேய்ந்திருப்பதும் காற்று குறைந்திருப்பதும் கணக்கில் வராது. நான்கு மூலையும், சமதளத்தில், ஆள் இல்லாமல். இந்த நான்கு எண்கள் இல்லாமல் ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இப்போது ரப்பர். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வேலை இதுதான்.

ரப்பர் புஷ் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் சாவதில்லை. வயதில் சாகிறது. காற்றில் இருக்கும் ஓசோன் அதன் மேல்தோலை வெடிக்க வைக்கிறது, வெயில் இறுக வைக்கிறது, எண்ணெய் பட்டால் ஊதிப்போய் கூழாகிறது. ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரியைத் தொடும் சேலம் வெயிலில், ஷெட்டில் சும்மா நிற்கும் வண்டியின் புஷ்ஷும் கெட்டுக்கொண்டுதான் இருக்கும். "வண்டி ஓடவே இல்லையே, எப்படிக் கெடும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நம் பக்கத்தில் இன்னொரு பழக்கம். வண்டிக்கு அடியில் துரு பிடிக்கக் கூடாது, பட்டை கீச்சிடக் கூடாது என்று எஞ்சினிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயிலை ஸ்பிரே செய்வார்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களில் மழைக்காலத்துக்கு முன்னால் இது சாதாரணம். கன்மெட்டல் புஷ்ஷும் கிரீஸும் வைத்த பழைய லாரிக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ரப்பர் புஷ் உள்ள காருக்கு இது விஷம். போதாததற்கு அந்த ஆயிலில் மண் ஒட்டி, வெடிப்பையெல்லாம் மூடிவிடும். எங்கள் வண்டியின் பின் ஷேக்கிள் ரப்பர்களைக் கழற்றியபோது விரலால் அழுத்தினாலே நசுங்கின. தயவுசெய்து அடிக்காதீர்கள். அந்த ஆயில் சொட்டும் மண்ணும் நம்முடையதுதான்.

மாற்று புஷ் வாங்கும்போது மூன்று வழிகள் முன்னால் வரும். ஒன்று, கம்பெனி அளவில் ரப்பர். இரண்டு, லேத்தில் கடைந்த நைலான். மூன்று, பாலியூரித்தேன். நைலான் புஷ் நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும், நீண்ட நாள் உழைக்கும் என்பதும் உண்மை. ஆனால் ரப்பர் புஷ் முறுக்கத்துக்கு நெகிழ்ந்து கொடுக்கிறது, நைலான் கொடுப்பதே இல்லை. சாலையின் சின்னச் சின்ன அதிர்வெல்லாம் நேராக பாடிக்கு ஏறிவிடும். பழைய பாடியின் வெல்டிங் அதைத் தாங்க வேண்டும். பாலியூரித்தேன் நடுவில் நிற்கிறது. ஸ்டெபிலைசர் பார் புஷ் போன்ற இடங்களில் அது நன்றாகவே வேலை செய்யும், ஸ்டியரிங் கூர்மையாகும். மற்ற எல்லா இடத்திலும் என் ஓட்டு ரப்பருக்குத்தான். ஐந்தாறு வருஷத்தில் திரும்ப மாற்ற வேண்டியிருந்தாலும் சரி.

இதைவிட முக்கியமான ஒன்று, போல்ட்டை எப்போது இறுக்குவது என்பது. வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது புஷ் போல்ட்டைக் கடைசி வரை இறுக்கிவிட்டால், அந்தத் தொங்கும் நிலையில் ரப்பர் பூட்டிக்கொள்ளும். பிறகு வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே போகும், ரப்பர் முறுக்கேறியபடியே நிற்கும். வண்டி சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு விடுவதில்லை. புது புஷ் ஒரு வருஷத்துக்குள் கிழிவதற்கு இது ஒரு பெரிய காரணம். வண்டியின் உயரமும் சரியாக உட்காராது. சரியான முறை, போல்ட்டை லூசாகக் கோத்து, வண்டியை நான்கு சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி, ஆட்டி உட்கார வைத்து, அதன்பிறகு பிட்டில் இறங்கி இறுக்குவது. இதற்கு இன்னொரு அரை மணி நேரம் ஆகும். எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் பக்கத்தில் நின்று இதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அம்பாசிடருக்கு மட்டும் இல்லை, மாருதிக்கும், புது வண்டிக்கும் இதே கதைதான்.

கிரீஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோரிஸ் வம்சத்து முன் அச்சில் சக்கரம் திரும்பும் இடத்தில் மரை வெட்டிய ட்ரனியன்கள் உண்டு. அந்த மரையில்தான் எடை முழுக்க நிற்கிறது. கிரீஸ் வற்றினால் மரை தேயும், தேய்ந்தது தெரியாமல் ஓட்டினால் ஒருநாள் சக்கரம் மடங்கிவிடும். நிப்பிள் அடைத்திருந்தால் கன்னை எவ்வளவு அழுத்தினாலும் கிரீஸ் வெளியேதான் வழியும், உள்ளே போகாது. பழைய அழுக்குக் கிரீஸ் மறுபக்கத்தில் பிதுங்கி, அதன்பின் புதுசு எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும். நிப்பிள் விலை ஒரு டீ, வடை காசுதான். எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

இனி பட்டை. நாமக்கல்லில் நெடுஞ்சாலை ஓரம் இருந்த ஒரு ஸ்பிரிங் பட்டறையில் எங்கள் பின் செட்டைக் கழற்றி இறக்கினோம். சுற்றி பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் வண்டிகளின் செட்டுகள். அவற்றுக்கு நடுவில் அம்பாசிடர் பட்டை மெலிசாகத் தெரிந்தது. மேஸ்திரி தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங் தம்பி, இதுல என்னங்க ஏத்துவீங்க?"

"லோடெல்லாம் இல்லைங்ணா. வீட்டு ஆளுங்க அஞ்சு பேர்தான்."

"அப்பிடியே ஒரு பட்டை சேத்துப் போட்றட்டுங்களா? உக்காரவே உக்காராதுங்க."

"வேண்டாங்ணா. பழைய வளைவு வந்தாப் போதும். கூட வேண்டாம்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார், "செரிங்க. கார்க்காரங்க வந்தா எல்லாரும் ஒசத்திக் குடுங்கம்பாங்க. ஒசத்திக் குடுத்தா மறுக்கா வந்து தூக்கித் தூக்கிப் போடுதும்பாங்க."

அவர் சொன்னதற்குள் கணக்கு இருக்கிறது. ஒரே மாதிரிப் பட்டை ஐந்து உள்ள செட்டில் ஆறாவது ஒன்று சேர்த்தால், விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். பட்டையின் தடிமனைக் கூட்டினால் இன்னும் மோசம். தடிமன் பத்து சதவீதம் ஏறினால் விறைப்பு முப்பத்துமூன்று சதவீதம் ஏறும், ஏனென்றால் அது தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது. காரின் பாடி நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை மேலும் கீழும் அசைந்தால் உடம்புக்கு இதமாக இருக்கும். பட்டை விறைக்க விறைக்க அந்த வேகம் கூடிக்கொண்டே போகும். பின்சீட்டில் வயதானவர்கள் உட்கார்ந்து முதுகைப் பிடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். ஆள் மட்டும் ஏறும் காருக்குப் பட்டை சேர்க்காதீர்கள்.

வளைவு கொடுப்பதில் இரண்டு வகை. பட்டையைப் பச்சையாகவே வைத்து சம்மட்டியால் அடித்து வளைப்பது ஒன்று. இதில் கை தேர்ந்தவர்கள் அடித்தால் அழகாக வரும், ஆனால் சில மாதத்தில் பாதி திரும்ப உட்காரும். இன்னொன்று, பட்டையைச் செந்தணலாகக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் முக்கி, திரும்பவும் அளவாகச் சூடு காட்டி இறக்குவது. இந்த இரண்டாம் சூட்டைச் சரியாகக் காட்டாவிட்டால் பட்டை ஒன்று முறுகி உடையும், இல்லை மிருதுவாகிச் சரிந்துவிடும். கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி ஒரே இடத்தில் சுட்டு வளைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சுட்ட இடத்தில் ஸ்பிரிங்கின் குணமே போய்விடும். எங்களுக்கு மெயின் பட்டையின் கண்ணுக்குப் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தது. அதை மட்டும் புதுசாகப் போட்டு, மற்றதைக் காய்ச்சி வளைத்தார்கள். ஒவ்வொரு பட்டையையும் துரு தட்டி, வயர் பிரஷ் போட்டு, நடுவில் கிராஃபைட் கிரீஸ் தடவிக் கோத்தோம். சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் புதுசு. யூ போல்ட் ஒருமுறை இழுபட்ட பிறகு திரும்பப் போடும் சாமான் இல்லை. ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒன்று நடக்கும், எல்லோருக்கும் நடக்கும், யாரும் காரணம் சொல்வதில்லை. பட்டையைச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டுக் கோத்ததும் வண்டி முன்பைவிட அதிகமாகக் குதிக்க ஆரம்பிக்கும். "பட்டறையில் கெடுத்துட்டாங்க" என்பார்கள். கெடுக்கவில்லை. பட்டைகள் துருப்பிடித்து ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டிருந்தபோது அந்த உராய்வே குதிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. ஷாக் அப்சார்பர் செத்துப் பல வருஷம் ஆனதை அந்தத் துரு மறைத்து வைத்திருந்தது. பானட் முனையையோ டிக்கியையோ அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனையும் இதனால்தான் பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஏமாற்றும். துருப்பிடித்த செட்டு ஒரே ஆட்டத்தில் நின்றுவிடும், ஷாக் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வோம். ஷாக்கைக் கழற்றிக் கையில் நிமிர்த்திப் பிடித்து இழுத்து அழுத்திப் பார்ப்பதுதான் நம்பகமானது. முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் எங்காவது வெறுமையாக ஓடினால் அது போய்விட்டது. எண்ணெய் கசிந்திருந்தால் சோதனையே தேவையில்லை.

ஷாக் அப்சார்பர் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், குறைந்தது ஒரு அச்சுக்கு இரண்டும். 1961-இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியாவின் ஆலைகளில் ஒன்று பக்கத்தில் ஓசூரிலேயே இருக்கிறது. அந்தப் பெயரும், ஸ்டியரிங் சாமானுக்கு ரானே என்ற பெயரும் நம் ஊர் ஸ்பேர்ஸ் கடைகளில் தலைமுறையாகப் புழங்குகின்றன. அதே பெயரில் போலி டப்பாவும் வரும் என்பதால் பில் வாங்காமல் வாங்காதீர்கள். கேஸ் ஷாக் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாதாரண ஷாக்கில் எண்ணெய் வேகமாக ஓடும்போது சூடாகி நுரைக்கும், நுரைத்தால் பிடிப்பு குறையும். உள்ளே கொஞ்சம் நைட்ரஜன் அழுத்தத்தில் இருந்தால் நுரைப்பது தள்ளிப்போகும். மேடு பள்ளமான ரோட்டில் தொடர்ந்து ஓட்டுபவர்களுக்கு இது நல்ல மேம்பாடு. ஆனால் நீளமும் கண்ணின் அளவும் பொருந்த வேண்டும். வேறு வண்டியின் ஷாக்கைப் பிராக்கெட் வெல்டிங் செய்து மாட்டினால், ஆர்ம் தன் எல்லையைத் தொடும் முன் ஷாக் முட்டும், பிராக்கெட் பிய்ந்து வரும்.

முன்னால் டார்ஷன் பார். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் அதைத் தூக்கலாம். தண்டின் முனையில் பல் வெட்டியிருக்கும், பின்முனைப் பிடிப்பை மாற்றி உட்கார வைத்தால் உயரம் கூடும். பலரும் நினைப்பது, இப்படி முறுக்கிவைத்தால் ஸ்பிரிங் விறைக்கும் என்று. விறைக்காது. தண்டின் தடிமனும் நீளமும் மாறாதவரை விறைப்பு அதேதான், உயரம் மட்டும்தான் மாறுகிறது. ரொம்பத் தூக்கினால், சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கு இருந்த இடம் குறைந்து, ஒவ்வொரு குழியிலும் 'டக்' என்று அடிக்கும். தடிமனான தண்டு வேறு கதை. அங்கே விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. பத்து சதவீதம் தடிமன் கூடினால் நாற்பத்தாறு சதவீதம் விறைப்பு. கடைந்து கொடுக்கிறேன் என்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

முன்பக்கத்தை விறைப்பாக்குவதை நான் எதிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் 1930களிலேயே கண்டு சொன்னது, காரின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட மெதுவாக அசைய வேண்டும் என்பது. மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் தாமதமாக ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக அசைந்தால் இரண்டும் சீக்கிரம் ஒத்துப்போய் வண்டி சமமாகிவிடும். முன்பக்கத்தை விறைப்பாக்கினால் வண்டி முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டே போகும்.

டார்ஷன் பாரைக் கழற்றும்போது இடது வலது குறித்து வைக்க வேண்டும். ஒரு திசையில் முறுக்கிப் பழகிய தண்டை எதிர்ப்பக்கத்தில் போட்டால் உடையும் வாய்ப்பு அதிகம். பைப் ரெஞ்சால் கடிக்கக் கூடாது, உளியால் குறி போடக் கூடாது, பக்கத்தில் வெல்டிங் பொறி விழக் கூடாது. மேல்தோலில் விழும் ஒரு கீறலில்தான் முறிவு தொடங்கும். பெயின்ட்டால் குறியிட்டு, துணி சுற்றி எடுத்து வையுங்கள்.

மேம்படுத்துவது என்ற பேச்சு இவையெல்லாம் முடிந்த பிறகுதான். அம்பாசிடரில் நான் முழு மனதோடு பரிந்துரைப்பது இரண்டுதான். நல்ல ரேடியல் டயர், அதே 15 அங்குல ரிம்மில், வெளிவட்டம் மாறாமல். அப்புறம், நைட்ரஜன் ஷாக், அளவு பொருந்தினால். இரண்டும் முடிந்ததும் அலைன்மென்ட். ரப்பர் ஸ்பேசர் வைத்துத் தூக்குவது, பெரிய அலாய் வீல், வெட்டிய ஸ்பிரிங் எதையும் செய்யாதீர்கள். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைக் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியைப் பதிவு புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டியவர்கள் இதை மறக்கக் கூடாது.

மாருதி 800, ஜென் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. உங்கள் வண்டியில் முன்னால் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஸ்டியரிங் திருப்பும்போது மேலே 'கடகட' என்றால் ஷாக்கைச் சந்தேகிக்கும் முன் ஸ்ட்ரட் மவுன்ட்டையும் அதன் பேரிங்கையும் பாருங்கள். ஸ்டெபிலைசர் பார்தான் லோயர் ஆர்மை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கிறது, ஆகவே அதன் புஷ் போனால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிரேக்கைப் பிரித்துப் பார்த்துச் செலவு செய்பவர்கள் நிறைய.

வேலை முடிந்ததும் எங்கே ஓட்டிப் பார்ப்பது என்றால், நம் ஊரில் மூன்று இடம் போதும். சேலம் நாமக்கல் நான்கு வழிச் சாலையில், பாலங்களின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது ஒரே அசைவில் அடங்குகிறதா என்று பார்க்கலாம். அடுத்து கிராமத்து வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்க ஏற்றது. நம் ஊரில் பல தடைகள் அந்த அகலத்தில் கால்வாசிகூட இல்லாமல் சுவர்போல் நிற்கின்றன. இதைப் பஞ்சாயத்துகள் திருத்தவே வேண்டும், எந்த சஸ்பென்ஷனும் இதற்கு ஈடு கொடுக்காது. மூன்றாவது மலை. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு, காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு எழுபது. முதல் தடவை ஏற்காடே போதும். எங்கள் வண்டி அங்கே வளைவில் சாய்ந்தது, சாய்ந்த இடத்தில் நின்றது, நேரானதும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வந்தது. முன்பு வளைவு முடிந்த பிறகும் பாடி ஆடிக்கொண்டிருக்கும். பின்சீட்டில் இருந்த அம்மா இறங்கும் வரை முதுகைப் பற்றிப் பேசவே இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உத்தர்பாரா ஆலை மூடிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. புஷ், ஷாக், கிங் பின் செட்டெல்லாம் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. பட்டையை நம் ஊரிலேயே செய்துகொள்ளலாம். டார்ஷன் பாரைப் பட்டறையில் செய்ய முடியாது. அது இன்னொரு அம்பாசிடரிலிருந்துதான் வர வேண்டும், சென்னை புதுப்பேட்டை வரை போய்த் தேடுகிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்துத் தோட்டத்திலோ நிற்கும் அம்பாசிடரை எடைக்குப் போடுவதாக முடிவு செய்துவிட்டால், அதற்கு முன் அந்த இரண்டு தண்டுகளையும் கழற்றி, இடது வலது பெயின்ட்டில் எழுதி, கீறல் படாமல் சாக்கில் சுற்றி எடுத்து வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு வண்டிக்கு அது தேவைப்படும்.